படுத்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை: நடுக்குவாதக்காரருக்கு வீட்டில் பிரஷர் பார்க்கும் முறை

நடுக்குவாதம் வந்தவருக்குக் கை நடுங்குவதும் நடை சுருங்குவதும் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்துபோவது மட்டும் யார் கண்ணுக்கும் படுவதில்லை. பார்க்கின்சன் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தச் சரிவு இருக்கிறது. அவர்கள் கொல்லைப்புறத்தில் விழுகிறார்கள், கழிப்பறை வாசலில் விழுகிறார்கள். "வயசாயிருச்சு, தடுமாறிட்டார்" என்று நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 130/80 என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. அவர் விழுவதோ நிற்கும்போது.

நான் மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது தங்கச்சிமடத்தில் என் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன். நாட்டுப்படகில் வலை இழுத்தே வயதான மனிதர். கொஞ்ச நாளாக நின்றால் கழுத்தும் தோளும் இழுத்துப் பிடிக்கிறது என்பார், படுத்தால் சரியாகிவிடும். வலை இழுத்த வலி என்று அவரே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிற்கும்போது கழுத்துத் தசைக்கும் தோள் தசைக்கும் ரத்தம் பற்றாமல் போனாலும் இப்படித்தான் வலிக்கும். கண் இருட்டுவது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பது, காரணமில்லாமல் கால் துவள்வது, பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு மழுங்குவது, காலையில் மோசமாக இருந்து சாயங்காலம் தேவலை ஆவது: இவற்றில் எது இருந்தாலும் கீழே சொல்கிறபடி ஒரு வாரம் பிரஷர் பார்த்து எழுதுங்கள்.

ஏன் சரிகிறது

எழுந்து நின்ற சில நொடிகளிலேயே அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்து ரத்தக்குழாயிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அவை மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும். அங்கிருந்து கிளம்பும் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களை இறுக்கும், இதயமும் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும். நல்ல உடம்பில் இது நடப்பதே நமக்குத் தெரியாது.

நடுக்குவாதத்தில் பழுதாவது இந்த நரம்புகள்தான். மூளைச் செல்களுக்குள் திரளும் லூயி உருண்டைகளில் இருப்பது ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் என்று 1997-ல் தெரியவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் கோல்ட்ஸ்டீன் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். நடுக்குவாதத்தோடு இந்த அழுத்தச் சரிவும் உள்ளவர்களுக்கு, இதயத்துக்குப் போகும் நார்அட்ரினலின் நரம்புகள் அழிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ஆகவே இதைக் கை நடுக்க நோய் என்று மட்டும் நினைக்கக் கூடாது. ரத்த ஓட்டத்தை நடத்தும் நரம்புகளையும் சேர்த்துத் தின்கிற நோய் இது.

மூளைக்கென்று ஒரு தற்காப்பும் உண்டு. அழுத்தம் ஓரளவு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் தாமே விரிந்து ரத்த வரத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் 1959-ல் இதைத் தொகுத்து எழுதினார். ஒரு எல்லைக்குக் கீழே போனால் அந்தச் சாமர்த்தியமும் எடுபடாது. எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் திறக்கும்போது, அழுத்தம் குறைந்தால் முதலில் சொட்ட ஆரம்பிப்பது தெருக்கோடி வீட்டுக் குழாய். நிற்கிற மனிதருக்குத் தலைதான் தெருக்கோடி.

அளக்கும் முறை

மேல்கையில் பட்டை கட்டும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுகிற சின்ன மெஷின் இந்த வேலைக்கு வேண்டாம். பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். துடுப்பு போட்டுப் பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். சட்டைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்ட வேண்டும். இரண்டு கையில் எது குறைவாக நடுங்குகிறதோ அதில் கட்டுங்கள். நடுக்கம் அதிகமான கையில் மெஷின் குழம்பி எர்ரர் காட்டும், இல்லையென்றால் கண்டபடி எண் தரும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, பீடி கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரட்டும். அப்புறம் கட்டிலில் நேராகப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். டிவியையும் நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆனதும் அளந்து, மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டையை அவிழ்க்காமலேயே எழுப்பி நிற்க வையுங்கள். கட்டிலை ஒட்டி நிற்கட்டும், பின்னால் நாற்காலி இருக்கட்டும், பக்கத்தில் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒருவர் மட்டும் இருக்கிற வீட்டில் நிற்க வைத்துப் பார்க்கவே கூடாது. நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை அளக்க வேண்டும். மெஷின் காற்றேற்றி முடிக்கவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதனால் நேரம் வந்தவுடன் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

நிற்கும்போது கையைத் தொங்கவிட்டு அளப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். பட்டை நெஞ்சு மட்டத்துக்கு இருக்க வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். முழுக்கையும் தொங்கினால் நடந்த சரிவில் பாதி மறைந்துவிடும். நான் அண்ணனின் முன்கையை என் தோளில் சாய்த்து வைத்துக்கொள்வேன். அவருக்கும் பிடிமானம் கிடைக்கிறது, கையும் நெஞ்சு மட்டத்தில் நிற்கிறது.

நடுவில் "கண்ணு இருட்டுது தாயி" என்றால் உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கிவிடுங்கள். மூன்று நிமிடம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. "ஒன்றரை நிமிடத்தில் நிற்க முடியவில்லை" என்று எழுதிவைத்தால், டாக்டருக்கு அதுவே போதுமான சேதி. நிற்கவே முடியாதவரைக் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்துப் பாருங்கள். உட்காரும்போதே மேல் எண் நன்றாகக் குறைந்தால் கவனிக்க வேண்டியதுதான்.

எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். காலையில் எழுந்தவுடன், மாத்திரைக்கு முன்னால் ஒன்று. மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் ஒன்று. ராத்திரி படுக்கும்போது ஒன்று. கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், படுத்த எண், நின்ற எண்கள், நாடி, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது மாத்திரை போட்டார், அப்போது என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

எண்களைப் படிப்பது

படுத்திருக்கும்போது இருந்ததைவிட, நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது சரிவு. படுத்த எண்ணே அதிகமாக இருப்பவருக்கு மேல் எண்ணில் 30 குறைவதைக் கணக்கில் எடுப்பார்கள்.

நாடியை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெயிலில் வற்றிப்போனாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ யாருக்கும் நின்றதும் அழுத்தம் இறங்கும். ஆனால் நரம்பு நன்றாக இருந்தால் நாடி எகிறும். உதாரணமாக, படுத்து 128, நாடி 80. நின்று 104, நாடி 104. 24 இறங்கியதற்கு 24 துடிப்பு கூடியிருக்கிறது. இதுவே நரம்புப் பழுதாக இருந்தால் படுத்து 148/84, நாடி 72. நின்று 112/68, நாடி 78 என்பதுபோல வரும். 36 இறங்கியும் கூடியது 6 துடிப்புதான். கூடிய நாடியை இறங்கிய மேல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.5-க்குக் கீழே வந்தால் நரம்பு வழிப் பழுது என்று சந்தேகிக்கலாம் என 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவர், நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், துடிப்பு ஒழுங்கில்லாதவர் இவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதை வைத்து நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். எண்ணை எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது, அன்றாடம் உதவுவதும் அதுதான். எவ்வளவு இறங்குகிறது என்பதைவிட, இறங்கி எங்கே போய் நிற்கிறது என்பதுதான் நோயாளி நிற்பாரா விழுவாரா என்று சொல்கிறது. நடுக்குவாத நோயாளிகளை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், நிற்கும்போது சராசரி அழுத்தம் 75-க்குக் கீழே போனவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிறுகிறுப்பும் கண் இருட்டலும் இருந்தன. சராசரி கண்டுபிடிப்பது சுலபம். மேல் எண்ணில் கீழ் எண்ணைக் கழித்து, மூன்றால் வகுத்து, கீழ் எண்ணோடு கூட்டுங்கள். 112/68 என்றால் 82 சொச்சம். நிறைய இறங்கியும் தாக்குப்பிடித்துவிடுவார். 88/56 என்றால் 67-க்குள். அந்த நேரத்தில் அவரைத் தனியாக நடக்க விடாதீர்கள். "எனக்கு ஒண்ணும் பண்ணலை" என்று அவரே சொன்னாலும் கூடவே இருங்கள்.

எழும் வழக்கத்தை மாற்றுவது

காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் அரை லிட்டர் பச்சைத் தண்ணீர் குடிப்பது, செலவில்லாத வழிகளில் நான் முதலில் சொல்வது. நரம்பு பழுதானவர்களுக்கு இப்படிக் குடித்தால் அழுத்தம் நன்றாக ஏறுகிறது என்று 2000-ல் அமெரிக்காவில் ஆராய்ந்து எழுதினார்கள். கடுமையான பழுது உள்ளவர்களுக்கு மேல் எண் 30-க்கும் மேலே ஏறியிருந்தது. ஐந்து நிமிடத்தில் ஏறத் தொடங்கி, அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வெறும் தண்ணீர்தான் வேண்டும். உப்பு கரைத்த தண்ணீர், மோர், பதநீர் இவற்றுக்கு அந்த வேகம் கிடையாது. நடுக்குவாதக்காரர் பலருக்கு விழுங்குவதே சிரமம். அப்படிப்பட்டவருக்கு நிமிர்ந்து உட்கார வைத்து வாய் வாயாகக் கொடுங்கள், படுத்தபடி ஊற்றிவிடாதீர்கள். இதயம் வீங்கியவர், சிறுநீரகம் கெட்டவர் என்றால் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடியும், பலன் இல்லை. உடம்பு முழுக்கச் சாய்வாக இருக்க வேண்டும். இந்த நோயாளிகளுக்கு நேராகப் படுத்தால் அழுத்தம் எகிறும். சிறுநீரகம் ராத்திரி முழுக்க உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடும், நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுவார். விடியும்போது உடம்பு வற்றிப்போய், சரிவு கடுமையாக இருக்கும். சாய்ந்து படுத்தால் இந்த இரண்டுமே குறையும். கயிற்றுக் கட்டில் என்றால் செங்கல் நழுவாதபடி முட்டுக்கொடுங்கள். காற்றுக்காகத் திண்ணையில் பாய் விரித்துப் படுப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். தரையிலிருந்து எழுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

எழும்போது, முதலில் காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் குதிகாலை ஏற்றி இறக்கி, கையை மூடி மூடித் திறக்கட்டும். நின்ற பிறகும் உடனே நடக்காமல் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கிறுகிறுத்தால், பிடித்த பிடியை விடாமல் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடிக்கலாம். அதற்கும் கேட்காவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டியதுதான், எந்த இடமானாலும் சரி. ராத்திரிச் சிறுநீருக்குக் கட்டிலருகே ஒரு குவளை வையுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையில் சுவரில் கம்பி அடியுங்கள். மலச்சிக்கல் இந்த நோயோடு பிறந்தது. முக்கினால் அழுத்தம் சட்டென்று இறங்கும், அதனால் அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

கரையில் குந்தியிருந்து வலை பொத்துகிற பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கத்திரி வெயிலும் அதற்குள்தான் வருகிறது. வெயிலில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். மணிக்கணக்காகக் குந்தியிருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் அங்கேயே சாய்ந்துவிடுவார்கள். ஸ்டூல் போட்டு நிழலில் உட்கார வையுங்கள். ராமேசுவரம் கோயில் வரிசையில் நிற்பது, பூசையில் எல்லோரும் நிற்கும்போது தானும் நிற்பது, தொழுகையில் நெற்றி தரையில் படப் பணியும் ஸஜ்தாவிலிருந்து எழுவது இவை மூன்றும் இந்த நோயாளிக்கு ஒரே சோதனைதான். உட்கார்ந்தபடி வழிபடுவதைச் சாமி குறையாக எடுத்துக்கொள்ளாது என்று நான் தைரியமாகச் சொல்வேன். வெந்நீர்க் குளியலும் வேண்டாம். கள்ளும் சாராயமும் அறவே வேண்டாம்.

சாப்பாட்டில், மதியம் தட்டு நிறையச் சோறு போட்டால் ரத்தம் குடலுக்குப் போய்விடும். அளவைக் குறைத்து நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டாம். நேராகப் படுக்கவும் வேண்டாம், சாய்ந்து உட்காரட்டும். உப்பு விஷயத்தில் கருவாடு சாப்பிடுகிற ஊர் என்பதால் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். சிலருக்கு டாக்டரே உப்பைக் கூட்டச் சொல்வார், படுக்கும்போது அழுத்தம் எகிறுகிறவருக்கு அதுவே வினையாகும். கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

காலுக்கு இறுக்க உறை போடச் சொல்வார்கள். நம்ம ஊர் வெக்கையில் யாரும் போட்டுக்கொண்டு இருந்து நான் பார்த்ததில்லை. வயிற்றுக்குக் கட்டும் பெல்ட் நல்லது. இறங்கும் ரத்தத்தில் பெரும்பங்கு வயிற்றில்தான் தேங்குகிறது. எழுமுன் கட்டி, படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், நோட்டும் கூட வரட்டும். புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், பிரஷருக்கான பிரசோசின், நீர் போகிற ஃப்ரூசமைட், நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை, தூக்கத்துக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், நடுக்குவாதத்துக்கான லெவோடோபாவும்கூட நிற்கும் அழுத்தத்தை இறக்கக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எந்த நேரத்து மாத்திரைக்குப் பிறகு சரிவு அதிகம் என்று நோட்டில் தெரிந்தால், அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றுவார். அப்படியும் சரிப்படாவிட்டால் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மிடோட்ரின் எழுதிக் கொடுத்தால், கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும். போட்டுவிட்டு மதியம் நேராகப் படுத்துத் தூங்கினால் அழுத்தம் தலைக்கேறும்.

கூட்டமான ஓ.பி.யில் நிற்க வைத்துப் பார்க்க நேரம் இருக்காது. ஒரு மருத்துவமனையில் நான் கேட்டபோது, உட்கார்ந்து பார்த்ததே போதும் என்று சீட்டை நீட்டினார்கள். அப்படிச் சொன்னால் கோபப்படாமல் நோட்டைத் திறந்து மேஜை மேல் வையுங்கள். ஒரு வாரத்து எண்களைப் பார்த்த பிறகு எந்த டாக்டரும் அலட்சியம் செய்து நான் கண்டதில்லை. மெஷின் வாங்க வசதியில்லாத வீடுகளில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் பார்க்க வரும் பெண்ணிடம் "படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை பாரும்மா" என்று கேளுங்கள். அவர்கள் கையிலேயே மெஷின் இருக்கிறது.

மயங்கி விழுந்தவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் ஓரிரு நிமிடத்தில் தெளிவு வர வேண்டும். தெளியாவிட்டாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது அழுத்தச் சரிவு என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்குப் போகும் குழாய் அடைத்திருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். எங்கள் ராமேசுவரம் தீவிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று எழுதி வண்டியில் ஏறுபவர் கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.